காற்றுக்கு எல்லைக்கோடு உண்டா?

தில்லிக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர்கள் எல்லாரும் முதலாண்டு ஐப்பசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஊர் முழுவதும் ஏன் இப்படிப் புகைந்து கிடக்கிறது? இதற்கு யார் பொறுப்பு?" மூத்த மாணவர்கள் சொல்லும் விடையும் பெரும்பாலும் ஒன்றே: "பஞ்சாபில் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள்." கேள்வி நியாயமானதுதான், விடையோ பாதி உண்மை. நான் இங்கே வளிமண்டல இயல் பயிலும் ஆராய்ச்சி மாணவன். நம் சங்க மலரின் ஆசிரியர், "நம்மவர்களுக்கு விளங்கும்படி இதை எழுதித் தாரும்" என்று கேட்டார். பாதி உண்மையின் மற்றப் பாதியை இங்கே எழுத முயல்கிறேன்.

முதலில் நாம் சுவாசிப்பது எதை என்று பார்ப்போம். நம்மைத் துன்புறுத்துவதில் முதன்மையானது கண்ணுக்குத் தெரியும் புழுதி அன்று, 2.5 மைக்ரானுக்கும் குறைந்த குறுக்களவுள்ள நுண்துகள். இதைத்தான் பி.எம். 2.5 என்கிறார்கள். ஒரு தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குக்குள் அடங்குவது இது. பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும், தும்மினால் போய்விடும். நுண்துகளுக்கோ அந்தக் காவல் செல்லாது. நுரையீரலின் கடைசிச் சிற்றறைவரை போகும். அதிலும் மிக நுண்ணியவை இரத்தத்தில் கலந்துவிடும். ஆகவேதான் இது இருமல், இழுப்போடு நில்லாமல் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் காரணமாகிறது. ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. நம் நாட்டு அளவு, 2009-இல் வகுத்தபடி, 40. தில்லியின் ஆண்டுச் சராசரியோ 100-ஐ ஒட்டி நிற்கிறது. நம் நாட்டு அளவு தாராளமானது. அதையும் இரண்டு மடங்குக்கு மேல் தாண்டிவிட்டோம்.

நாள்தோறும் கைப்பேசியில் பார்க்கிறோமே, "காற்றுத் தரக் குறியீடு" என்ற எண், அதைப் பற்றியும் சொல்லவேண்டும். பலர் அதை மைக்ரோகிராம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியன்று. நுண்துகள், ஓசோன், கந்தக டை ஆக்ஸைடு முதலிய எட்டுப் பொருள்களுள் அளக்கக் கிடைப்பனவற்றைத் தனித்தனியே கணக்கிட்டு, அவற்றுள் எது மிக மோசமோ அதன் எண்ணையே அன்றைய குறியீடாக வைக்கிறார்கள். எல்லாப் பாடத்திலும் தேறி ஒன்றில் தவறினாலும் தோல்வி என்பது போன்ற கணக்கு இது, நமக்குப் புதிதன்று! நுண்துகள் 121 முதல் 250 மைக்ரோகிராம் வரை இருந்தால் குறியீடு 301 முதல் 400 வரை. அதற்குப் பெயர் "மிக மோசம்". 401-க்கு மேல் "கடுமை". 500-ஓடு அளவுகோல் முடிந்துவிடுகிறது. காற்று அதற்கு மேல் கெட்டாலும் எண் ஏறாது. மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாலை 4 மணிக்கு வெளியிடும் எண், கழிந்த 24 மணி நேரத்தின் சராசரி. அந்த நொடியில் நாம் இழுக்கும் மூச்சுக்கு அது சாட்சியாகாது.

இனி, குளிர்காலத்தில் மட்டும் ஏன் இந்த அவதி? வண்டிகளும் ஆலைகளும் வைகாசியிலும் ஓடத்தானே செய்கின்றன? ஒரே ஊதுவத்தியைக் கோயில் மண்டபத்தில் ஏற்றுங்கள். பிறகு கதவடைத்த பூசையறையில் ஏற்றுங்கள். புகை ஒன்றே, அறைதான் வேறு. கோடைப் பிற்பகலில் தரை சூடேறி, காற்று மேலெழுந்து, நம் புகையெல்லாம் இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரம்வரை கலந்துவிடுகிறது. குளிர்கால இரவிலோ தரை விரைவில் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடுகிறது. அதன் மேல் சற்று வெதுவெதுப்பான காற்று ஒரு மூடிபோலப் படிகிறது. மேலே போகப் போகக் குளிரவேண்டிய காற்று இங்கே தலைகீழாக மாறுகிறது. மூடிக்குக் கீழே சில நூறு மீட்டர், சில நாள் அதற்கும் குறைவு. அதற்குள்ளேதான் தலைநகரின் அத்தனை புகையும். காற்றோட்டமும் அப்போது தளர்ந்துவிடும். சென்னையில் பகல்தோறும் வந்து வீசும் கடற்காற்று இங்கே கிடையாது. வடக்கே இமயம் தடுப்பு. கங்கைச் சமவெளி ஒரு நீண்ட தொட்டி.

வைக்கோல் கதைக்கு இப்போது வருவோம். தஞ்சை மாவட்டத்து மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "வைக்கோலையா கொளுத்துகிறார்கள்? எங்கள் ஊரில் போர் போட்டு மாட்டுக்கு வைப்போமே!" நல்ல கேள்வி. பஞ்சாபியரின் மாடு தின்பது கோதுமைத் தாளை நறுக்கிய பூசா. பாஸ்மதி அல்லாத நெல்லின் வைக்கோலில் மணற்சத்து மிகுதி என்று அதை அவர்கள் விரும்புவதில்லை. மேலும், அறுவடை இயந்திரம் கதிரை மட்டும் வெட்டிக்கொண்டு முழங்கால் உயரத் தாளை வயலிலேயே விட்டுப் போய்விடுகிறது. அதைக் கையால் அறுத்து அகற்ற ஆளும் இல்லை, கூலியும் கட்டாது. பஞ்சாப் ஒன்றில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் வைக்கோல் இப்படி மிஞ்சுகிறது.

பஞ்சாபியர் பரம்பரையாக நெல்லுண்பவர் அல்லர். பசுமைப் புரட்சியும், அரசாங்கம் நிச்சய விலைக்கு நெல்லை வாங்கியதும், குழாய்க் கிணற்றுக்குக் கிடைத்த இலவச மின்சாரமும் சேர்ந்து அந்த மண்ணை நெல்வயலாக்கின. நிலத்தடி நீர் ஆண்டுக்காண்டு கீழே போயிற்று. அதைத் தடுக்க 2009-இல் பஞ்சாபும் அரியானாவும் சட்டம் இயற்றின. சுடுவெயிலில் நடவு நட்டால் நீர் வீணாகும். ஆதலால் பஞ்சாபில் ஜூன் 10-ஆம் தேதிக்கு முன் நடக்கூடாது என்று விதித்தார்கள். நோக்கம் மெச்சத் தக்கது. ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும் அன்றோ? நெல் அறுப்பதற்கும் கோதுமை விதைப்பதற்கும் இடையே உழவனுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வாரம். அந்த அவசரத்தில் மலிவான கருவி ஒரு தீக்குச்சி. தீ வைக்கும் நாள்கள் அக்டோபர் கடைசிக்கும் நவம்பர் தொடக்கத்துக்கும் நகர்ந்தன. மேலே சொன்ன "மூடி" விழும் நாள்களும் அவையே. வடமேற்கிலிருந்து தில்லியை நோக்கிக் காற்று நகரும் நாள்களும் அவையே. நீரைக் காக்கச் செய்த சட்டம் காற்றைக் கெடுக்க உதவியதைப் பல ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். நீருக்கு ஓர் அலுவலகம், காற்றுக்கு ஓர் அலுவலகம், உழவுக்கு ஓர் அலுவலகம் என்று தனித்தனியே நின்றதன் பலன் இது என்பது என் கருத்து.

2018 முதல் மத்திய அரசாங்கம் இயந்திரங்களுக்கு மானியம் கொடுக்கிறது. தனி உழவருக்குப் பாதி விலை, கூட்டுறவுக்கு நூற்றுக்கு 80. வைக்கோலை அகற்றாமலே கோதுமையை விதைக்கும் "ஹாப்பி ஸீடர்" என்ற கருவி அவற்றுள் பேர்போனது. பலன் இல்லாமற் போகவில்லை. செயற்கைக்கோள் எண்ணிய தீக்கள் பஞ்சாபில் 2020-இல் ஏறக்குறைய 83,000, 2023-இல் 36,663, 2024-இல் 10,909. செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடந்துபோன பிறகு மாலையில் கொளுத்துகிறார்கள், ஆகவே எண்ணிக்கையை அப்படியே நம்பலாகாது என்று சில ஆராய்ச்சியாளர்கள் ஐயுறுகிறார்கள். அந்த ஐயத்தை நானும் ஒதுக்கிவிடவில்லை. எனினும் தீ குறைந்திருக்கிறது என்பதே பொதுக் கருத்து.

அப்படியானால் தில்லி தெளிந்திருக்கவேண்டுமே! 2024 நவம்பர் 18 அன்று குறியீடு 494. அளவுகோல் முடிய ஆறு எண் பாக்கி.

வைக்கோற் புகை சில நாள்களில் தில்லி நுண்துகளில் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டுவது உண்டு. பல நாள்களில் நூற்றுக்கு ஐந்துகூட இராது. வயலில் தீ அணைந்து கோதுமை முளைத்துவிட்ட மார்கழியிலும் தையிலும் இங்கே மூச்சு முட்டுகிறதே, அது எவர் கொளுத்தியது? வண்டிகள், செங்கற்சூளைகள், ஆலைகள், கட்டட வேலை, புழுதிச் சாலை, தெருவோரக் குப்பைத் தீ, விறகடுப்பு ஆகியவற்றிலிருந்து பிறப்பது அது. அந்தப் பட்டியலில் அடங்காத ஒன்றும் உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நுண்துகள் முழுவதும் துகளாகவே பிறப்பதில்லை. நிலக்கரி எரிக்கும் மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கியிலிருந்து கந்தக டை ஆக்ஸைடு வாயுவாகத்தான் வெளிவருகிறது. காற்றில் இரண்டொரு நாள் மிதந்து, ஈரமும் வெயிலும் பட்டு, உரமிட்ட வயலிலிருந்தும் மாட்டுச் சாணத்திலிருந்தும் எழும் அம்மோனியாவோடு கூடி, சல்ஃபேட் என்ற உப்புத் துகளாகிறது. வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் இதே வழியில் நைட்ரேட் ஆகின்றன. இதற்குள் காற்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு மாநிலத்தில் எரிந்த நிலக்கரி, வேறொரு மாநிலத்து வயலின் அம்மோனியா, மூன்றாவது மாநிலத்துப் பிள்ளையின் நுரையீரல்!

2018-இல் டெரி, ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று உண்டு. குளிர்காலத்தில் தில்லியின் நுண்துகளில் தில்லிக்குள் பிறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்று அது கணக்கிட்டது. தில்லியின் பரப்பு 1,483 சதுர கிலோமீட்டர். அதைச் சூழ்ந்த தேசியத் தலைநகர் வட்டாரம் 55,000 சதுர கிலோமீட்டர். தில்லி முதல்வர் எவ்வளவு திறமைசாலியானாலும் தம் எல்லைக்கு அப்பாலிருந்து வரும் பங்கைத் தொட இயலாது. "எல்லாம் அப்பாலிருந்தே வருகிறது" என்று அவர் கை விரிக்கவும் நியாயம் இல்லை.

ஆற்றுக்குப் படுகை உண்டு. காவிரி குடகில் பிறந்து பூம்புகாரில் கலக்கும்வரை ஒரே படுகை, மாநில எல்லை அதற்குத் தெரியாது. காற்றுக்கும் அப்படி ஒரு படுகை உண்டு. நாம் அதைக் "காற்றுப்படுகை" என்றே அழைக்கலாம். காவிரிக்கு 1990-இல் நடுவர் மன்றமும் 2018-இல் மேலாண்மை ஆணையமும் வந்தன. காற்றுக்கு அணை கட்ட முடியாது. பங்கு கேட்பாரும் இல்லை. நீரை "எங்களுக்கு அனுப்பு" என்கிறோம், புகையை "எங்களுக்கு அனுப்பாதே" என்கிறோம். வழக்கு தலைகீழ், ஆயினும் மேல்படுகை, கீழ்ப்படுகை என்ற சிக்கல் ஒன்றுதான்.

பிற நாடுகள் இதைப் பட்டுத்தான் கற்றன. 1952 டிசம்பரில் இலண்டனை ஐந்து நாள் மூடிய புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் நான்கு கவுண்டிகளைச் சேர்த்து ஒரே காற்று மேலாண்மை நிறுவனத்தின் கீழ்க் கொண்டுவந்தது 1977-இல். சுவீடனின் ஏரிகளில் மீன்கள் அழிந்தபோது, அந்த அமிலம் பிரிட்டனிலும் நடு ஐரோப்பாவிலும் எரிந்த நிலக்கரியின் கந்தகம் என்று கண்டார்கள். 1979-இல் ஜெனீவாவில் நாடுகளுக்கிடையே உடன்படிக்கை ஆயிற்று. அண்மைக் காலத்தில் சீனர் பீக்கிங் நகரை மட்டும் தனியே எடுத்துக்கொள்ளாமல், தியான்ஜின், ஹெபெய் ஆகிய அண்டைப் பகுதிகளையும் சேர்த்துத் திட்டமிட்டார்கள். பீக்கிங்கின் ஆண்டுச் சராசரி 2013-இல் ஏறக்குறைய 90, 2021-இல் 33. எட்டே ஆண்டு. அவர்கள் ஆட்சிமுறை வேறு, நம்முடையது வேறு என்று சொல்லி இதைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. ஆட்சிமுறை வேறாயினும் நிலக்கரியின் வேதியியல் ஒன்றுதானே?

நம் கதையை வழக்கு மன்றத்தில் தொடங்கவேண்டும். 1981-இல் காற்றுச் சட்டம் வந்தும் பெரும்பயன் காணாத நிலையில், 1985-இல் எம்.ஸி. மேத்தா என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கிலிருந்துதான் தில்லியின் பல மாற்றங்கள் கிளைத்தன. 1998 ஜூலையில், தில்லிப் பேருந்துகள் யாவும் சி.என்.ஜி. எனப்படும் அழுத்திய இயற்கை வாயுவுக்கு மாறவேண்டும் என்று மன்றம் ஆணையிட்டது. எதிர்ப்பும் தவணையும் நீண்ட வரிசைகளும் கடந்து 2002 இறுதிக்குள் அது நிறைவேறிற்று. சில ஆண்டு காற்று தெளிந்தது. பிறகு வண்டிகள் பெருகி அந்த ஆதாயத்தை விழுங்கிவிட்டன.

2020 அக்டோபரில் அவசரச் சட்டமாகவும் 2021-இல் நாடாளுமன்றச் சட்டமாகவும் வந்தது காற்றுத் தர மேலாண்மை ஆணையம். தில்லி, பஞ்சாப், அரியானா, இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றைக் காற்றுக்காக ஒரே வட்டாரமாகக் கருதும் முதற் சட்டம் இது. ஆணையத்தின் கட்டளை மாநில அரசாங்கங்களையும் கட்டும். மீறினால் ஐந்தாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். உழவருக்கு மட்டும் இந்தத் தண்டனையிலிருந்து விலக்கு. 2023 ஜனவரி 1 முதல் தலைநகர் வட்டாரத்து ஆலைகளில் நிலக்கரி கூடாது என்று ஆணையம் விதித்தது. இது எளிய காரியம் அன்று. ஆனால் அந்த விதியில் அனல் மின் நிலையங்கள் சேரவில்லை. அவற்றின் கந்தகத்துக்கு 2015 டிசம்பரிலேயே வரம்பு வகுத்து, இரண்டாண்டில் கருவி பொருத்தவேண்டும் என்றார்கள். காலக்கெடு பலமுறை நீண்டது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கிடைத்துவிட்டது. தலைநகர் வட்டாரத்தை ஒட்டியவற்றுக்கு 2027 இறுதிவரை தவணை. கந்தகம் எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்று மேலே எழுதினேன். பத்துக் கிலோமீட்டர் வட்டம் வரைந்து அதற்குள் மட்டும் கண்டிப்புக் காட்டுவது எந்த விஞ்ஞானத்தோடும் பொருந்தவில்லை. ஏழை உழவனின் தீக்குச்சியை வானிலிருந்து எண்ணுகிறோம். புகைபோக்கிக்குத் தவணை கொடுக்கிறோம்.

2017-இல் வந்த படிநிலைத் திட்டம் வேறொரு வகை. குறியீடு 201-ஐ எட்டினால் முதற் படி, 301-இல் இரண்டாவது, 401-இல் மூன்றாவது, 450-ஐத் தாண்டினால் நான்காவது. ஒவ்வொரு படியிலும் சில தடைகள். நான்காவதில் சரக்கு லாரிகளுக்குத் தடை, கட்டட வேலை நிறுத்தம், பள்ளிகள் வீட்டிலிருந்தே. இது காய்ச்சலுக்குப் போடும் ஈரத் துணி போன்றது. தேவைதான், மருந்தாகாது. அதன் செலவை யார் ஏற்கிறார்கள்? வேலை நின்றால் முதலில் கூலி இழப்பவர் சிற்றாளும் கொத்தனாரும். 2024 நவம்பரில், தொழிலாளர் நலவரிப் பணத்திலிருந்து அவர்களுக்குப் பிழைப்பூதியம் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நல்லது. ஆனால் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குத்தானே அது போய்ச் சேரும்? புகையைக் குறைவாக உண்டாக்கி அதிகமாக உண்பவர்கள் இவர்கள்.

வேடிக்கைகளும் நடக்காமலில்லை. 2021 ஆகஸ்டில் கன்னாட் பிளேஸ் அருகே 20 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் ஒரு "புகை வடிகட்டும் கோபுரம்" எழுப்பினார்கள். திறந்த வெளியில் காற்றை வடிகட்டுவது, குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்துத் தெருவைக் குளிரவைப்பதற்கு ஒப்பாகும். 2025 அக்டோபரில் விமானத்தில் போய் மேகத்தில் உப்புத் தூவினார்கள். மேகத்தில் ஈரம் இல்லை, மழை பெய்யவில்லை.

நம் வளாகத்துக்கு வருவோம். சென்ற குளிர்காலத்தில் விடுதி வாயிலில் நாங்கள் "சாச்சா" என்றழைக்கும் இரவுக் காவலர் மரத்துண்டும் அட்டைப்பெட்டியும் சமயத்தில் பிளாஸ்டிக்கும் போட்டு எரிப்பார். கீழ்த்தளத்து மாணவர்கள் புகை தாங்காமல் முறையிட்டார்கள்; தடை அறிவிப்பும் ஒட்டினார்கள். நான்கு டிகிரிக் குளிரில் விடிய விடிய உட்கார்ந்திருப்பவர் காகிதத்தில் எழுதிய தடையைக் கொண்டா குளிர் காய்வார்? நாங்கள் பதினெட்டுப் பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு மின்கணப்பு வாங்கிக் கொடுத்தோம். அன்றே தீ நின்றது. அந்த மின்சாரமும் எங்கோ நிலக்கரியில் பிறந்ததுதான், அறிவேன். ஆயினும் மூக்குக்கு நேரே எரியும் பிளாஸ்டிக்கைவிட அது மேல். காவலர்களுக்குக் கணப்புக் கொடுங்கள் என்று ஆணையமே குடியிருப்போர் சங்கங்களுக்குச் சொல்லியிருக்கிறது. மற்ற மூன்று வாயில்களுக்கு இன்னும் ஏற்பாடு இல்லை. நம் சங்கம் இந்த ஐப்பசிக்குள் அதைச் செய்யலாம். பொதுக்குழுவில் நான் இதை முன்மொழிய இருக்கிறேன்.

காலை ஆறு மணிக்குக் கிரிக்கெட் ஆடப் போகும் தம்பிகளுக்கு ஒரு சொல். கார்த்திகை முதல் தை வரை விடியற்காலைதான் மூடி மிகத் தாழ்ந்திருக்கும் வேளை. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் நான்குக்குள் காற்று ஒப்பளவில் தெளிவாக இருக்கும், அப்போது ஆடுங்கள். கோடையில் இது மாறும். அப்போது வெயிலேறிய பிற்பகலில் ஓசோன் மிகும், காலையே நல்லது. துணி முகமூடி நுண்துகளைத் தடுக்காது. மூக்கோடு ஒட்டிப் பொருந்தும் என்-95 வகையே தடுக்கும், தாடியின் மேல் கட்டினால் அதுவும் பயன்படாது. இழுப்பு உள்ளவர்கள் மருத்துவர் கொடுத்த உறிஞ்சு மருந்தை அறையில் வைத்துவிட்டு வெளியே போகவேண்டாம்.

"நம் ஊரில் இந்தத் தொல்லை இல்லை" என்று பெருமூச்சு விடுபவர்களுக்காகக் கடைசியாக ஒன்று. தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019-இல் தொடங்கியபோது அளவு மீறிய நகரங்களின் பட்டியலில் தூத்துக்குடி இருந்தது. சென்னையும் மதுரையும் திருச்சியும் பிறகு திட்டத்தில் சேர்ந்தன. எண்ணூரில் கடற்காற்று வீசத்தான் செய்கிறது. பகலில் அது அனல் நிலையப் புகையை ஊருக்குள்ளேதான் தள்ளுகிறது. 2018-ஆம் ஆண்டுப் போகியன்று காலை சென்னையில் பழைய பாயும் டயரும் எரிந்த புகை பனியோடு சேர்ந்து, விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பின. பொங்கல் விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் போகிக் காலையில் சன்னலைச் சாத்திவிட்டு, அன்று மாலை 4 மணிக்கு மணலியின் எண்ணையும் நம் வளாகத்தின் எண்ணையும் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் இரண்டையும் பலகையில் எழுதிப் பார்ப்போம்.